30 வயது சென்டரா, 19 வயதுப் பையனா?

மீன்பிடித் தடைக்காலம் 61 நாள். மண்டபத்தில் விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்க, நானும் மச்சானும் பஸ்ஸர்பீட்டர் என்ற இணைய விளையாட்டில் கற்பனைக் கூடைப்பந்து அணி நடத்துகிறோம். போன வாரம் ஏலத்தில் இரண்டு பேரைக் குறித்து வைத்தோம். கையில் இருந்த காசு ஒருவருக்குத்தான் போதும்.

சென்டருக்கு, அதாவது கூடைக்குப் பக்கத்தில் நின்று ஆடுபவருக்கு, 30 வயது. ரீபவுண்டும் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) உள்தடுப்பும் (கூடைக்குப் பக்கத்தில் எதிராளியைத் தடுப்பது) பிரமாதம். வந்த வாரமே ஆட்டம் ஜெயித்துத் தருவார். ஆனால் வாரா வாரம் பெரிய சம்பளம். இந்த வயதில் பயிற்சி அவ்வளவாக ஏறாது, திரும்ப விற்றால் போட்ட காசும் வராது.

பையன் 6 அடி 10 அங்குலம். திறன்கள் சுமார், சம்பளம் சொற்பம். இங்கேதான் நின்று பார்க்கணும். உயரமானவர்களுக்கு உள்ளே ஆடும் திறன்கள் சீக்கிரம் ஏறும்; பந்தைக் கையாளுவதும் வெளித்தடுப்பும் (கூடையிலிருந்து தள்ளி எதிராளியைத் தடுப்பது) சீக்கிரம் ஏற மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அந்த இரண்டும் இவனிடம் ஏற்கெனவே ஓரளவு இருந்தன. அதற்காகவே கூடுதல் விலை கொடுக்கலாம். அப்புறம் பொட்டென்ஷியல், அதாவது எவ்வளவு தூரம் வளர முடியும் என்ற அளவு: அது குறைவாக இருந்தால் ஒரு கட்டத்துக்கு மேல் எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் ரொம்ப மெதுவாகத்தான் ஏறும். பயிற்சி முழுதாகச் சேர, வாரத்துக்கு 48 நிமிடம், பயிற்சி கொடுக்கும் ஆட்ட நிலையில் அவனை ஆட வைக்கவும் வேண்டும்.

"பழைய ஆளையே எடு மாப்ள, கீழ் லீக்குக்கு இறங்கிடக் கூடாது" என்றான் மச்சான். இறங்கும் நிலையில் இருந்தால் அதுதான் சரி. நாங்கள் பட்டியலில் நடுவில் இருந்தோம். பையனுக்கே ஏலம் கேட்டேன்.