சுண்ணாம்பு லோடு வருவதற்கு முன்னால் ஒரு எலுமிச்சம்பழம் வாங்கி வையுங்கள்

சுண்ணாம்பு வீடு, ஹெம்ப்கிரீட் வீடு என்று இறங்கியிருப்பவர்கள் யாருக்காவது அட்வான்ஸ் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

தென்காசிப் பக்கம் எங்கள் தோட்டத்தில் சின்னதாக ஒரு வீடு கட்டுகிறோம். மரச்சட்டம் நிறுத்தி, ஹெம்ப் (கஞ்சா இனத்துச் செடி) தண்டின் உள்தக்கையைச் சுண்ணாம்போடு பிசைந்து இடித்து நிரப்பும் சுவர், அதுதான் ஹெம்ப்கிரீட். இரண்டையும் மொத்தமாகத் தருகிறேன் என்று வெளிமாவட்ட வியாபாரி ஒருவர் வந்தார். பேச்சு தேனாக இருந்தது. "எல்லோரா குகையிலயே இந்தச் செடியைக் கலந்துதான் சார் பூசியிருக்காங்க!" என்றார். அது உண்மைதான், 2016இல் கரண்ட் சயின்ஸ் இதழில் அந்த ஆய்வு வந்தது. ஆனால் அது மண்பூச்சு. அதற்கும் இவர் அனுப்பிய சாக்குகளுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

பேசியது, காளவாயிலிருந்து (சுண்ணாம்புச் சூளை) புதிதாக எடுத்த கட்டிச் சுண்ணாம்பு. வந்தது தூள். அதுவும் ராத்திரி, ஊர் அடங்கிய பிறகு. பாக்கிப் பணம் ஏறினால்தான் தார்ப்பாயை அவிழ்ப்பேன் என்று டிரைவர் நிற்கிறார். போன் போட்டால், "நாங்களே நீத்து, சலிச்சு அனுப்பிட்டோம் சார், உங்களுக்கு வேலை மிச்சம்" என்கிறார் வியாபாரி. நீற்றுவது என்றால் சுட்ட கட்டியைத் தண்ணீர் விட்டு உடைய வைப்பது. பணம் போயிற்று.

காலையில் கொத்தனார் அண்ணாச்சி சாக்கைப் பிரித்து இரண்டு விரலில் தேய்த்துப் பார்த்தார். "இது செத்த சுண்ணாம்புலா தம்பி. வெத்தலைக்குக்கூட ஆகாது."

நல்ல கட்டியை வாளியில் போட்டுத் தண்ணீர் விட்டால் முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு உஸ்ஸென்று இரைந்து, கட்டி வெடித்து, தண்ணீர் தளதளவென்று கொதிக்கும் (கண்ணாடி போடாமல் எட்டிப் பார்க்காதீர்கள், கண்ணே போய்விடும்). எங்கள் தூள் அடுப்புச் சாம்பல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்தது. ஆனால் நீற்றிய தூள் என்றாலும் கொதிக்காது. வியாபாரிக்கு அது தெரியும், அதனால்தான் அந்தப் பதிலைத் தயாராக வைத்திருந்தார். அவரைக் காட்டிக்கொடுத்தது எலுமிச்சம்பழம். ஒரு ஸ்பூன் தூளைத் தண்ணீரில் நனைத்துச் சாறு பிழிந்தோம். சோடா மாதிரி பொங்கி வழிந்தது. ஒழுங்காக நீற்றிய சுண்ணாம்பில் லேசாக நாலு குமிழி வரலாம், இப்படிப் பொங்காது. பொங்கினால் அது ஒன்று சுடாத கல்லை அரைத்த மாவு, இல்லை மாதக்கணக்கில் காற்றுப்பட்டுப் பூத்துப்போன சரக்கு. பொங்குவது கரியமில வாயு. காளவாய்ச் சூட்டில் நூறு கிலோ சுண்ணாம்புக்கல்லிலிருந்து கரியமில வாயு வெளியேறி 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அந்த வாயுவைக் காற்றிலிருந்து திரும்ப வாங்கித்தான் சுவர் இறுகிக் கல்லாகிறது. சாக்குக்குள்ளேயே அதை வாங்கி முடித்த தூள் சுவரில் எதைப் பிடிக்கும்?

இதைச் சொன்னதற்கு அவர் தந்த வைத்தியம்: "ஒரு சட்டி சிமெண்ட் சேர்த்துக்கோங்க சார், கல்லு மாதிரி நிக்கும்." சிமெண்ட் வேண்டாம் என்றுதானே ஐயா உம்மிடம் வந்தது!

தக்கை இன்னொரு கூத்து. மூட்டையின் மேல்வாயில் வெள்ளையாக, காய்ந்த சில்லுகள். கையை முழங்கை வரை விட்டால் ஈரம், பூஞ்சை நாற்றம், தலைமுடி மாதிரி நீள நார். நார் கலந்தால் கலவை உருண்டை உருண்டையாகத் திரண்டு, சுண்ணாம்பு உள்ளே இறங்காது. தக்கை தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீர் குடிக்கும். நாங்கள் வாங்கியதோ கிலோ கணக்கில், ஆக அந்த ஈரத்துக்கும் சேர்த்தே பணம் கொடுத்திருக்கிறோம். உத்தரகண்ட் சரக்கு என்றார். அங்கே லைசென்ஸ் வாங்கி ஹெம்ப் பயிரிடலாம். 1985ஆம் வருடப் போதைப்பொருள் சட்டம் கஞ்சா என்று சொல்வது பூந்தலையையும் பிசினையும்தான், காய்ந்த தண்டை அல்ல. ஆனாலும் செக்போஸ்ட்டில் அந்தப் பெயரைக் கேட்டால் லாரி நின்றுவிடும், ஆகவே பயிரிட்டவரின் லைசென்ஸ் நகல் லோடோடு வர வேண்டும். கேட்டபோது வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்றார். இன்னும் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்.

சுண்ணாம்பை இனி யாரிடமும் தூளாக வாங்குவதாயில்லை. தாழையூத்து, சங்ககிரி, அரியலூர் என்று சுண்ணாம்புக்கல் பூமிக்கு நம்மிடம் பஞ்சமா? காளவாய்க்கே போய், கட்டியாக எடுத்து, அங்கேயே வாளியில் போட்டுப் பாருங்கள். கரையாமல் அடியில் கல் நிறைய நின்றால் சூளை சரியாக வேகவில்லை. கொண்டுவந்ததும் குழியில் நீற்றிவிடுங்கள், எங்கள் ஊர்ச் சாரல் காலத்தில் கட்டியைச் சாக்கில் வைத்திருந்தால் அதுவும் பூத்துவிடும். இரவில் வரும் லோடை இறக்கவே இறக்காதீர்கள். தக்கை மூட்டை என்றால் அடிப்பக்கத்தைக் கிழித்துப் பாருங்கள்.

பில் விஷயத்தில் கறாராக இருங்கள். எங்கள் பில்லில் "கட்டுமானப் பொருள் – 1 லோடு" என்று மட்டும்தான் இருக்கிறது. "சுட்ட சுண்ணாம்பு, கட்டி, ஐஎஸ் 712, சி வகுப்பு" என்று எழுதச் சொல்லுங்கள் (ஐஎஸ் 712 என்பது கட்டடச் சுண்ணாம்புக்கான இந்தியத் தர நிர்ணயம்). எழுத மறுத்தால் ஆளை விட்டுவிடுங்கள். நல்லவேளை, ஆர்டர் பேசியதெல்லாம் வாட்ஸ்அப்பில் எழுத்தாக இருக்கிறது, பிரித்த அன்றே வீடியோவும் எடுத்தோம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிட்டுப் புகார் பதிந்தாயிற்று, வக்கீல் நோட்டீஸும் போயிற்று. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி விற்றவர் எந்த மாவட்டமானாலும் நாம் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், இரண்டு வருடம் அவகாசம் உண்டு. அடுத்த வாரம் மனு தாக்கல் செய்கிறோம். அந்தச் சாக்குகள் ஆதாரத்துக்காகத் தோட்டத்து ஷெட்டில் கிடக்கின்றன. லாரி வாடகையோடு சேர்த்து ஒரு லட்சத்துக்குப் பக்கம். அதே ஆளிடம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர் யாராவது இருந்தால் பேசுங்கள், சேர்ந்தே மனுப் போடலாம்.