அடிமை ஒழிப்பா, மதுவிலக்கா: அமெரிக்க அடையாளத்தை எதன் வழியே படிப்பது?

அமெரிக்கத் தேசிய அடையாளத்தை ஒரே ஒரு சீர்திருத்த இயக்கத்தைக் கொண்டு விளக்க முற்படும் மாணவர்கள் அடிமை ஒழிப்பு, மதுவிலக்கு ஆகிய இவ்விரண்டுக்கும் இடையே தடுமாறுவதுண்டு.

விலை:
அடிமை முறை ஒழிய, 6 லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட உள்நாட்டுப் போர் தேவைப்பட்டது.
மதுவிலக்கு போரின்றி வந்தது. கள்ளச்சாராயக் கும்பல்களை வளர்த்துவிட்டுப் போனது.

நிலைப்பு:
அடிமை முறையை ஒழித்த, அமெரிக்க அரசியலமைப்பின் 13ஆம் திருத்தமும் (1865), அமெரிக்க மண்ணில் பிறந்தோருக்குக் குடியுரிமை அளித்த 14ஆம் திருத்தமும் (1868) இன்றும் நிற்கின்றன.
மதுவிலக்கைக் கொண்டுவந்த, 1919இல் ஏற்கப்பட்ட 18ஆம் திருத்தம் 1933இல் நீக்கப்பட்டது. அந்நாட்டு அரசியலமைப்பில் முழுதாக நீக்கப்பட்ட திருத்தம் அது ஒன்றே.

அரசியலமைப்பு போன்ற மூல ஆவணங்களோடு உறவு:
என் பார்வையில் முதன்மையான அளவுகோல் இதுவே. 1852 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் பேசிய, அடிமைத்தளையிலிருந்து தப்பிவந்த ஒழிப்பியக்கத் தலைவர் ஃபிரடெரிக் டக்ளஸ், சுதந்திர தினம் அடிமைக்கு என்ன பொருள் தரும் என்று கேட்டுவிட்டு, அரசியலமைப்பை விடுதலையின் சாசனமாகவே வாசித்தார். ஆனால் அவரோடு ஒரு காலத்தில் தோள்கொடுத்து நின்ற ஒழிப்பியக்க இதழாசிரியர் வில்லியம் லாயிட் கேரிசனோ, அரசியலமைப்பு அடிமை முறையைக் காக்கிறது என்று கருதி, 1854 ஜூலை 4 அன்று மாசசூசெட்ஸின் ஃப்ரேமிங்ஹாமில், கூட்டத்தின் கண்முன்னே அதே அரசியலமைப்பின் பிரதியைத் தீயிட்டு எரித்தார்.
மதுவிலக்கில் இத்தகைய மோதல் இல்லை. மதுவிலக்குப் போராளி கேரி நேஷன் கைக்கோடரியால் கான்சஸ் மதுக்கடைகளை நொறுக்கியது சுவையான காட்சிதான், அவ்வளவே.

குடியுரிமையையும் சமத்துவத்தையும் ஆராய்வோர் அடிமை ஒழிப்பைத் தேர்ந்தெடுக்கலாம். வாக்குரிமை பெறுவதற்கு முன்பே பெண்கள் அரசியல் வலிமை திரட்டிய விதத்தையும், ஒழுக்கத்தைச் சட்டத்தால் திணிக்கும் முயற்சியின் எல்லையையும் அறிய விரும்புவோருக்கு மதுவிலக்கே பொருந்தும்.