கேன்வாஸ் விரிப்பு பெயின்ட் பண்றவங்களே, நடுவுல ஒருத்தர் வந்து ஆர்டர் குடுத்தா கொஞ்சம் உஷாரா இருங்க

கையால பெயின்ட் பண்ணி தரையில போடற கேன்வாஸ் விரிப்பு செஞ்சு குடுக்கறவங்க, இந்த வேலைக்குப் புதுசா வர்றவங்க எல்லாரும் இதைப் படிச்சுட்டுப் போங்க. ஆளோட பேர் போடல, போட்டா அது வேற தலைவலி. ஆனா எப்படி வந்தாரு, எப்படிப் பேசுனாருன்னு சொல்றேன், இதே டைப்ல யாராவது வந்தா உங்களுக்கே தெரிஞ்சுரும்.

வந்தவர் இன்டீரியர் டிசைனர். விரிப்பு அவருக்கு இல்ல, அவரோட கிளையன்ட் வீட்டு டைனிங் டேபிளுக்கு அடியில போடறதுக்கு. கறுப்பு வெள்ளை டைமண்ட் கட்டம், சுத்தி பச்சைல ஒரு கொடி பார்டர். அட்வான்ஸ் கேட்ட உடனே பாதிப் பணம் போட்டுட்டாரு. "மேடம், கிளையன்ட் ரொம்ப பிஸி, எதுவா இருந்தாலும் என்கிட்டயே பேசுங்க, பேலன்ஸ் ஃபிட் பண்ண அன்னைக்கே செட்டில் பண்ணிடறேன்"னு சொன்னாரு. வீட்டுக்காரங்ககிட்ட ஒரு வார்த்தை பேச விடலைன்னா அதுதான் முதல் சிக்னல், குறிச்சு வச்சுக்கோங்க.

இது துணியில படம் வரையற வேலை இல்லைன்னு உங்களுக்குத் தெரியும். கெட்டி காட்டன் கேன்வாஸை அளவை விடப் பெருசா வெட்டணும், ஏன்னா பிரைமர், அதாவது பெயின்ட்டுக்கு முன்னாடி அடிக்கற அடிப்பூச்சு, பட்டதும் சுருங்கும், ரெண்டு பக்கமும் பிரைமர் அடிச்சு காயவிட்டு தேய்ச்சு, ஓரம் மடிச்சு ஒட்டி, மூலை தடிக்காம சாய்வா வெட்டி, அப்புறம் கட்டம் அளந்து டேப் ஒட்டி பெயின்ட், அதுக்கு மேல பெயின்ட்டைக் காப்பாத்தற பாலியூரித்தேன் வார்னிஷ் கோட் மேல கோட். ஆயில் பேஸ் அடிச்சா வெள்ளைக் கட்டம் போகப் போக மஞ்சளாயிரும்னு வாட்டர் பேஸ்தான் அடிச்சேன். தொட்டுப் பாத்தா சில மணி நேரத்துல காய்ஞ்ச மாதிரி இருக்கும், ஆனா முழுசா கெட்டிப்பட மூணு நாலு வாரம் ஆகும். அவருக்கு அந்தப் பொறுமை இல்ல. போட்டோஷூட் இருக்கு போட்டோஷூட் இருக்குன்னு தினமும் போன்.

கடைசில ஒரு சின்ன கார்ல டிரைவரை அனுப்பி வச்சாரு. நான் பெயின்ட் பக்கம் வெளிய இருக்கற மாதிரி தடிமனான குழாய்ல சுத்தி, மடிக்கக் கூடாதுன்னு பெருசா எழுதி ஒட்டிக் குடுத்தேன். இவ்வளவு நீளம் இந்தக் கார்ல எப்படிப் போகும்னு கேட்டதுக்கு டிரைவர் "பாத்துக்கறேன்க்கா"ன்னுட்டாரு.

அப்புறம் பேலன்ஸ் கேட்டா போன் எடுக்கல. கொஞ்ச நாள் கழிச்சு ஒரு போட்டோ மட்டும் வருது, "உங்க பெயின்ட் கிராக் ஆயிருச்சு, அட்வான்ஸையும் திருப்பிக் குடுங்க"ன்னு. போட்டோவை ஜூம் பண்ணிப் பாத்தேன். நீளவாக்குல நட்ட நடுவுல ஒரு கோடு, குறுக்க நட்ட நடுவுல இன்னொரு கோடு, ஸ்கேல் வச்சுப் போட்ட மாதிரி கூட்டல் குறி. ரெண்டும் சந்திக்கற இடத்துல பெயின்ட் உதிந்து கேன்வாஸ் நூலே தெரியுது. நடந்து தேய்ஞ்சா அப்படியா தேயும்? நாற்காலி இழுபடற இடம் மங்கும், வாசப்பக்கம் மங்கும். இது நாலா மடிச்சு டிக்கில திணிச்ச அடையாளம்.

அதைச் சொன்னா, "துணி மேல பெயின்ட் அடிச்சா கிராக் ஆகத்தான் செய்யும், இது ஒரு ஃபேன்ஸி ஐட்டம்"ங்கறாரு. 1860கள்ல லினோலியம்ங்கற தரை ஷீட் வர்றதுக்கு முன்னாடி இங்கிலாந்துலயும் அமெரிக்காவுலயும் தரைக்கு இதைத்தான் போட்டாங்க, ஜெஃபர்சன் ஜனாதிபதியா இருந்தப்ப வெள்ளை மாளிகை சாப்பாட்டு ரூம்ல கிடந்ததே பச்சை பெயின்ட் அடிச்ச கேன்வாஸ்தான். டைனிங் ரூம்ல போடறதுக்குன்னே இருக்கற பொருளை ஃபேன்ஸிங்கறாரு பாருங்க.

இதுல பெரிய கூத்து என்னன்னா, அவரோட பேஜ்ல போட்டோஷூட் படம் வந்துச்சு, கீழ "எங்கள் சொந்த டிசைன்"னு வேற. டேபிளை நடுவுல வச்சு மறைச்சிருக்காரு, ஆனா பார்டர்ல அதே இடத்துல மடிப்புக் கோடு ஓடுது. அப்ப முதல் நாளே தெரியும், தெரிஞ்சுதான் என் மேல போட்டிருக்காரு.

விரிப்போட பின்பக்கம் நான் எப்பவும் கையெழுத்து, போன் நம்பர், எப்படித் துடைக்கணும்னு எழுதி விடுவேன், அதைப் பாத்து வீட்டுக்காரம்மாவே கூப்பிட்டாங்க, கோடு விழுந்திருக்கு சரி பண்ண முடியுமான்னு. பேசப் பேசத்தான் தெரியுது, ஃபிட் பண்றதுக்கு முன்னாடியே முழுப் பணமும் அவர்கிட்ட குடுத்துட்டாங்களாம்! நான் பாதிதான் வாங்கிருக்கேன்னதும் அந்தம்மாவுக்குப் பேச்சே வரல. போய் கோட்டை லேசா தேய்ச்சு, டச்சப் பண்ணி, மேல கோட் அடிச்சுக் குடுத்தேன், உத்துப் பாத்தா தெரியும், அவ்வளவுதான் முடியும். அந்த வேலைக்கு அவங்களே நேரா பணம் குடுத்தாங்க.

இப்ப பேலன்ஸ் வந்தாத்தான் சரக்கு வெளிய போகுது, சுத்தி வண்டில ஏத்தறது வரைக்கும் வீடியோ எடுத்து வாங்கறவங்களுக்கு அனுப்பிடறேன், இதுக்கு ஒத்துக்காதவங்க ஆர்டர் வேணாம். அவர்கிட்ட இருந்து இன்னும் ஒரு பைசா வரல. அந்தப் போட்டோ அவர் பேஜ்ல அப்படியே இருக்கு, கீழ நான் போட்ட கமென்ட்டைத்தான் காணோம்.