மீனின் இதயமும் நம் இதயமும்: ஒரு மாதிரிக் கருவியைப் பயன்படுத்திப் பார்த்தபின்

உயர்நிலை மூன்றில் உயிரியல் படிக்கும் என் மகளுக்காக, மீனின் ரத்தச் சுற்றோட்டத்தையும் பாலூட்டியின் ரத்தச் சுற்றோட்டத்தையும் அருகருகே காட்டும் மாதிரிக் கருவி ஒன்றை 48 சிங்கப்பூர் வெள்ளிக்கு வாங்கினேன். இரண்டு பலகைகளிலும் ஒளிபுகும் குழாய்கள், கையால் அமுக்கும் ரப்பர்க் குமிழ்கள், நீர் பின்னோக்கிப் பாயாமல் தடுக்கும் வால்வுகள் ஆகியவை பொருத்தப்பட்டுள்ளன.

மீன் பலகையில் குமிழ் ஒன்றுதான். அதை அமுக்கியதும் சாயநீர் செவுளைக் குறிக்கும் மெல்லிய குழாய்க் கற்றைக்குள் புகுந்து, இதயத்துக்குத் திரும்பாமல் நேரே உடலுக்குச் செல்கிறது. கற்றைக்கு முன்னுள்ள அளவுக் குழாயில் நீர் ஒரு சாண் உயரம் எழுகிறது. பின்னுள்ளதில் நான்கு விரற்கடைகூட எழுவதில்லை. செவுளின் நுண்குழாய்களைக் கடப்பதிலேயே அழுத்தம் குறைந்துபோவதைப் பாடநூலின் அம்புக்குறிகள் என் மகளுக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

பாலூட்டிப் பலகையில், நுரையீரலில் அழுத்தம் இழந்து திரும்பும் நீரை இரண்டாம் குமிழ் மீண்டும் உந்தி உடலுக்கு அனுப்புகிறது. உடலைச் சூடாகவே வைத்திருக்க வேண்டிய விலங்குக்கு ஆக்சிஜன் விரைந்து கிடைக்க இந்த உந்துதல் தேவை. அதே அழுத்தத்தை நுரையீரலுக்கும் கொடுத்தால் நுண்குழாய்களிலிருந்து நீர்மம் கசிந்து காற்றறைகளை நிரப்பிவிடும். அதனால்தான் மனித இதயத்தில் உடலுக்கு ரத்தத்தை உந்தும் இடக் கீழறை ஏறத்தாழ 120 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தை உண்டாக்கும்போது, நுரையீரலுக்கு உந்தும் வலக் கீழறை 25 அளவோடு நின்றுவிடுகிறது. இடக் கீழறையின் சுவர் தடித்திருப்பதும் இதனாலேயே. கருவியிலோ இரு குமிழ்களும் ஒரே தடிமன் கொண்டவை.

இதைவிடப் பெரிய பிழை, மீனின் இதயத்தைப் பாதி நீலமாகவும் பாதி சிவப்பாகவும் தீட்டியிருப்பது. பெரும்பாலான மீன்களில் இதய அறைகள் வழியே செல்வது உடலைச் சுற்றிவந்த, ஆக்சிஜன் குறைந்த ரத்தம் மட்டுமே. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையை இந்தச் சிவப்பு நிச்சயம் குழப்பும்.

சென்ற ஞாயிறு தேக்கா சந்தையில் வாங்கிய கொடுவா மீனின் செவுளை அகற்றும்போது, அதற்குச் சற்றுப் பின்னால் அடிப்பக்கத்தில் இருந்த இதயத்தை மகளிடம் காட்டினேன். கருஞ்சிவப்பான கீழறைக்கு முன்னால் வெண்ணிறக் குமிழ் ஒன்று இருந்தது. துடிப்புக்குத் துடிப்பு விரிந்து சுருங்கி, ரத்தத்தைச் செவுளுக்குச் சீராக அனுப்பும் அந்தப் பகுதியைக் கருவி முற்றிலும் விட்டுவிட்டது.

ஒரு குழாய் இணைப்பில் நீர் கசிந்ததால் கடையில் உடனே மாற்றிக் கொடுத்தார்கள். அழுத்த வேறுபாட்டைக் கண்ணால் காண்பதற்காகவே இதை வாங்கலாம்; ஆனால் சிவப்புப் பாதியின்மேல் முதலில் நீலம் பூசிவிட்டுப் பிள்ளைகளிடம் கொடுங்கள்.