ஒரே எண், இரண்டு வெள்ளை: மானிட்டர்களைப் பொருத்த எந்த வழி?

இரண்டு மானிட்டரையும் ஒரே நிறமளக்கும் கருவியால் கேலிப்ரேட் செய்தாயிற்று, அதாவது நிறத்தை அளந்து சரிப்படுத்தியாயிற்று. இரண்டிலும் வெள்ளைப்புள்ளி (திரை காட்டும் வெள்ளையின் நிறம்) பகல் வெளிச்சத்தை ஒட்டிய டி65: நிறத்தைக் குறிக்கும் எண்களில் எக்ஸ் 0.3127, ஒய் 0.3290. ஆனாலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றில் பச்சை தட்டுகிறது, மற்றதில் ரோஸ் தட்டுகிறது. இதற்கு மூன்று வழிகள் உண்டு. ஒவ்வொன்றும் வேறு வேறு கோளாறைச் சரிசெய்வது என்பதால்தான் குழப்பமே.

முதலாவது, கருவியின் பிழையைத் திருத்துவது. வடிகட்டிகள் வழியே நிறத்தை அளக்கும் கலரிமீட்டரில் அந்த வடிகட்டிகள் கண்ணின் உணர்திறனோடு அச்சாகப் பொருந்துவதில்லை. வெள்ளை எல்இடி பின்னொளி, குவாண்டம் டாட், ஓலெட் என்று பேனல் மாறினால் பிழையும் மாறும். எனவே கேலிப்ரேஷன் மென்பொருளான டிஸ்ப்ளேகேலில் ஒவ்வொரு மானிட்டருக்கும் அதன் பேனல் வகைக்கு உரிய சிசிஎஸ்எஸ் திருத்தக் கோப்பை (அந்த வகைப் பேனலின் நிறமாலைத் தகவல்)த் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே கோப்பை விட்டுவிடுவது பலரும் செய்யும் தவறு. ஒளியை அலைநீளம் அலைநீளமாகப் பிரித்து அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு இந்தக் கோப்பு தேவையில்லை. ஆனால் 10 நானோமீட்டர் இடைவெளியில் அளப்பவற்றில் கூர்மையான சிவப்பு முகடுகள் கொஞ்சம் மழுங்கிப்போகும்.

அளவீடு துல்லியமான பிறகும் வித்தியாசம் மிஞ்சினால், குறை அளவுகோலிலேயே இருக்கிறது. எக்ஸ், ஒய் எண்கள் 1931-இல் சிஐஇ என்ற சர்வதேச ஒளியியல் ஆணையம் வகுத்த சராசரிக் கண்ணை வைத்துக் கணக்கிடப்படுபவை. அந்தக் கண் நீலத்தின் குறுகிய அலைநீளங்களை உண்மையைவிடக் குறைவாக மதிப்பிடுகிறது. அகன்ற நிறமாலை உள்ள பழைய பேனலும், குறுகிய முகடுகள் உள்ள புதிய பேனலும் ஒரே எண்ணைக் காட்டியும் வேறாகத் தெரிவதற்கு இது முக்கியக் காரணம்.

இரண்டாவது வழி இதைக் கணக்கால் திருத்துவது. டிஸ்ப்ளேகேலில் பார்வையாளரை (கணக்குக்கு எடுக்கும் சராசரிக் கண்ணை) 1931-க்குப் பதில் புதிய சிஐஇ 2012 2° என்று மாற்றலாம். கலரிமீட்டராக இருந்தால் இதற்கும் சிசிஎஸ்எஸ் கோப்பு வேண்டும். சோனி தன் ஓலெட் மானிட்டர்களுக்கு 1931 கண்ணின் நீலக் குறையை ஈடுசெய்யும் ஜட் திருத்தத்தை ஒட்டி எக்ஸில் 0.006, ஒய்யில் 0.011 குறைக்கப் பரிந்துரைத்தது. வித்தியாசம் நன்றாகக் குறையும். முழுக்கப் போகும் என்று சொல்ல முடியாது, ஏனெனில் இதுவும் ஒரு சராசரிக் கண்தான்.

மூன்றாவது, கண்ணால் பொருத்துவது. ஒருவர் மட்டும் அமர்ந்து பார்க்கும் மேசைக்கு இதைத்தான் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். இரண்டு திரைகளையும் அரைமணி நேரம் சூடாக விடுங்கள். இரவு ஒளி (இரவில் திரையை மஞ்சளாக்கும் வசதி), தானியங்கி வெளிச்சம் எல்லாவற்றையும் அணையுங்கள். வெளிச்சத்தை முதலில் சமமாக்குங்கள், உதாரணமாக 120 நிட் (திரை வெளிச்சத்தின் அலகு). வெளிச்சம் சமமாகாத இரண்டு வெள்ளைகளை ஒப்பிட்டால் கண் ஏமாறும். முக்கிய வேலைக்கான மானிட்டரைத் தொடாமல், மற்றதன் மெனுவில் ஆர்ஜிபி கெயினை (சிவப்பு, பச்சை, நீலத்தின் அளவை) ஒவ்வொரு படியாக மாற்றுங்கள். மிகுந்திருக்கும் நிறத்தைக் குறைப்பதே சரி. கெயினை மிகையாக ஏற்றினால் உச்ச வெளிச்சப் படிகள் ஒன்றாகிவிடலாம். சில விநாடிகளுக்கு ஒருமுறை பார்வையைச் சாம்பல் சுவருக்குத் திருப்புங்கள், இல்லாவிட்டால் கண் பழகிவிடும். கெயின் குறைந்தால் வெளிச்சமும் இறங்கும், அதைப் பின்னொளியால் ஈடுசெய்யுங்கள். பொருந்தியதும் அந்த வெள்ளையை அளந்து, கிடைக்கும் எக்ஸ், ஒய்யையே இரண்டாவது மானிட்டரின் இலக்காகக் கொடுத்து ப்ரொஃபைல் (அந்தத் திரையின் நிறங்களை விவரிக்கும் கோப்பு) செய்யுங்கள். அந்த எண் டி65-இலிருந்து விலகியிருந்தால் பதற வேண்டாம்.

ப்ரொஃபைல் இருந்தால் மென்பொருளே வெள்ளையைப் பொருத்திவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். நிறங்களை மாற்றும் வழக்கமான ரிலேட்டிவ் கலரிமெட்ரிக் முறையில் 255, 255, 255 (முழு வெள்ளை) ஒவ்வொரு திரையின் சொந்த வெள்ளையாகவே போகும்.

கண்ணால் பொருத்தியது உங்கள் கண்ணுக்கு மட்டுமே. வயதோடு கண் லென்ஸ் மஞ்சளாகும். பக்கத்தில் அமர்பவருக்கு அதே ஜோடி பொருந்தாமல் தெரியலாம். பலர் சேர்ந்து பார்த்து நிறத்தை முடிவுசெய்யும் இடமென்றால் ஒரே பேனல் வகையில் ஒரே மாடலாக இரண்டு வாங்கி, முதல் வழியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.