நிறம் மாறும் டோசிமீட்டர்கள்: ஃபிலிமா, ஃப்ரிக்கா, பெர்ஸ்பெக்ஸா?

கதிர்வீச்சின் அளவை (டோஸை) அளக்க நிறம் மாறும் பொருள், அதாவது டோசிமீட்டர், வேண்டும் என்று ஒருவர் கேட்டால், முதலில் அவரிடம் கேட்க வேண்டியது: எத்தனை கிரே (உறிஞ்சப்படும் கதிர்வீச்சின் அலகு)? புற்றுநோய்க்கான கதிர் சிகிச்சையில் ஒரு நாளைக்கு வழக்கமாக 2 கிரே. ஊசி, கையுறைகளைக் கிருமி நீக்கப் பொதுவாக 25,000 கிரே. இரண்டுக்கும் ஒரே பொருள் ஒத்துவராது.

சிகிச்சை அளவுகளுக்கு ரேடியோகுரோமிக் ஃபிலிமுக்கே என் ஓட்டு. காஃப்குரோமிக் ஈபிடி3 என்ற ஃபிலிமில் 125 மைக்ரான் பாலியெஸ்டர் தாள்கள் இரண்டுக்கு நடுவே 28 மைக்ரான் தடிமனில் டைஅசிட்டிலீன் படிகங்கள் இருக்கின்றன. கதிர் பட்டதும் இவை ஒன்றோடொன்று சங்கிலியாக இணைந்து நீலமாகின்றன. டெவலப்பர் வேண்டாம், இருட்டறை வேண்டாம். 0.1 முதல் 10 கிரே வரை நன்றாக வேலை செய்யும். டோஸ் சில மில்லிமீட்டரில் சரிந்துவிடும் இடத்திலும் எந்தப் புள்ளியில் எவ்வளவு என்று படமாகவே காட்டிவிடும்.

தவறு பெரும்பாலும் ஸ்கேனரில்தான் நடக்கிறது. படிகங்கள் ஊசி வடிவில் ஒரே திசையில் அடுக்கப்பட்டிருப்பதால், ஃபிலிமை 90 டிகிரி திருப்பி வைத்தாலே எண் மாறிவிடும். வெட்டும்போதே ஒவ்வொரு துண்டின் மூலையிலும் திசைக்குறி போட்டுவிடுங்கள். கதிர் பட்ட பிறகும் நிறம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே இருக்கும். தெரிந்த டோஸ் கொடுத்த அளவுத்திருத்தத் துண்டுகளையும் சோதனைத் துண்டுகளையும் ஒரே இடைவெளியில், 24 மணி நேரம் கழித்து ஸ்கேன் செய்யுங்கள். ஊடுருவல் முறை (ஒளி ஃபிலிமைக் கடந்து செல்லும்படி), 48-பிட் வண்ணம், 72 டிபிஐ, வண்ணத் திருத்தம் அனைத்தும் அணைப்பில், டிஃப் கோப்பாகச் சேமிப்பு. துண்டு ஸ்கேனர் படுக்கையின் நடுவில் இருக்கட்டும். பக்கவாட்டில் தள்ளிப்போனால் டோஸ் பிசகும். நீலம் உறிஞ்சுவது சிவப்பொளியை என்பதால் முதலில் சிவப்புச் சேனலைப் படியுங்கள். பெட்டியின் லாட் (தயாரிப்புத் தொகுதி) எண் மாறினால், நிறத்தை டோஸாக மாற்றும் பழைய வளைகோடு செல்லாது.

ஃப்ரிக் கரைசல் வேறு ரகம். 1927-இல் ஹ்யூகோ ஃப்ரிக்கும் ஸ்டெர்ன் மோர்ஸும் வெளியிட்ட முறை இது. ஒரு லிட்டருக்கு 0.392 கிராம் ஃபெரஸ் அம்மோனியம் சல்ஃபேட், 0.058 கிராம் சாதாரண உப்பு (சோடியம் குளோரைடு), 22 மில்லி அடர் கந்தக அமிலம். அமிலத்தைத் தண்ணீரில்தான் ஊற்ற வேண்டும், ஒருபோதும் மாற்றி அல்ல. கதிர் பட்டு ஃபெரஸ் இரும்பு ஃபெரிக் இரும்பாக மாறுவது கண்ணுக்குத் தெரியாது. 304 நானோமீட்டர் புற ஊதாவில்தான் தெரியும். கண்ணால் பார்த்தே ஆக வேண்டுமென்றால் சைலினால் ஆரஞ்சு சேர்த்த ஜெல் உண்டு, மஞ்சள் ஊதாவாகும். ஆனால் ஃபெரிக் அயனி ஜெல்லுக்குள் பரவுவதால் சில மணி நேரத்தில் ஓரங்கள் மங்கத் தொடங்கும்.

கரைசலின் பலம் அதன் கணக்கு. கோபால்ட்-60 காமாவுக்கு, 1 செ.மீ. குவெட்டில் (கரைசலை ஊற்றி ஒளி செலுத்தும் சிறு குப்பி), 25 டிகிரியில், அந்த 304 நானோமீட்டர் ஒளியின் உறிஞ்சல் மாற்றத்தை 279-ஆல் பெருக்கினால் டோஸ் கிரேயில் கிடைக்கும், 0.36 என்றால் ஏறத்தாழ 100 கிரே. படிக்கும்போது வெப்பநிலை ஒரு டிகிரி மாறினால் 0.7 சதவீதம் பிசகும். கழுவிய பாட்டிலில் சோப்பு, ஆல்கஹால் எச்சம் இருந்தால் டோஸ் கூடுதலாகக் காட்டும். 20 முதல் 400 கிரேக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் கரைந்திருக்கும் ஆக்சிஜன் தீர்ந்து, பெருக்கல் எண்ணே பொய்யாகிவிடும்.

கிலோகிரே கணக்கில் வேலை செய்யும் கிருமிநீக்க ஆலைக்கு இவை இரண்டும் உதவா. அங்கே 3 மி.மீ. தடிமனுள்ள சிவப்புப் பெர்ஸ்பெக்ஸ் (அக்ரிலிக் பிளாஸ்டிக்), 5 முதல் 50 கிலோகிரே. 640 நானோமீட்டரில் உறிஞ்சலைப் படித்து, ஒவ்வொரு துண்டின் தடிமனையும் மைக்ரோமீட்டரால் அளந்து அதனால் வகுக்க வேண்டும். ஈரப்பதம் பட்டால் மதிப்பு நகரும். படிக்கும் நேரம் வரை உறையைப் பிரிக்காதீர்கள்.

பெட்டிகளில் ஒட்டும், மஞ்சளிலிருந்து சிவப்பாகும் ஸ்டிக்கரை டோசிமீட்டராக நினைத்துவிடாதீர்கள். பெட்டி கதிர் அறைக்குள் போய் வந்ததா என்று மட்டும் அது சொல்லும். நிறம் மாறிவிட்டதே என்று 25 கிலோகிரே முழுதாகக் கிடைக்காத பெட்டியை அனுப்பினால், அது நேராக ஒரு நோயாளியின் உடம்பில் போய் முடியும்.