ஷாவோலின்ல சேத்து விடுறேன்னு யாராவது சொன்னா காசு கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

போன வாரம் ஒரு தம்பி மெசேஜ் பண்ணிருந்தான். அண்ணா, நீங்க ட்ரெய்னிங் எடுத்த அதே ஷாவோலினுக்குத்தான் நானும் போறேன், உங்க போட்டோவ காட்டித்தான் அப்பாவ ஒத்துக்க வச்சேன்னு. எனக்கு வயித்தக் கலக்கிருச்சு. என் போட்டோவ வச்சு இன்னும் ஆள் புடிச்சிட்டு இருக்காங்கன்னே அப்பத்தான் தெரியும். இத்தன வருஷமா வெக்கத்துல யார்கிட்டயும் முழுசா சொல்லல, இப்ப சொல்லிடுறேன்.

2019ல நடந்தது. ஆறாங்கிளாஸ்ல இருந்து சிலம்பம், காலேஜ்ல கராத்தே, எப்படியாவது ஒருதடவ சைனா போயி குங்ஃபூ கத்துக்கணும்னு வெறி. எங்க மாஸ்டர்தான் ஒரு ஏஜென்ட்ட கூட்டிட்டு வந்தாரு. ரெண்டு மாசம் ஷாவோலின் கோயிலுக்கு உள்ளயே தங்கி ட்ரெய்னிங், இங்கிலீஷ் பேசுற மாஸ்டர், முடிச்சதும் சர்ட்டிபிகேட், மொத்தம் ஒன்னே முக்கால் லட்சம், ஃப்ளைட் டிக்கெட் தனி. கூடவே போதிதர்மர் காஞ்சிபுரத்துக்காரர் தம்பி, அது நம்ம மண்ணுன்னு ஒரு பிட்டு. அதுலதான் நான் விழுந்தேன். (அந்தக் கோயில் கட்டுனது 495ல, பாத்துவோங்குற வேற ஒரு இந்தியத் துறவிக்காக. போதிதர்மர் அதுக்கப்பறம்தான் வர்றாரு. அவர்தான் சண்டை சொல்லிக்குடுத்தார்ங்குற கதை வர்றதுக்கு இன்னும் ஆயிரம் வருஷம் ஆச்சு. இதெல்லாம் காசு போனதுக்கப்பறம் உக்காந்து படிச்சது.)

அப்பா சீட்டு எடுத்து குடுத்தாரு. ஏதோ ஒரு ஆளோட சேவிங்ஸ் அக்கவுண்டுக்குத்தான் போட்டோம். ரசீது கேட்டதுக்கு மாஸ்டர் மூஞ்ச சுருக்கி "என் மேல நம்பிக்கை இல்லையா"ன்னாரு, அதுக்கப்பறம் எங்க கேக்குறது. ரெண்டு மாசத்துக்கு காசு வாங்கிட்டு 30 நாள் டூரிஸ்ட் விசா எடுத்துக் குடுத்தாங்க. ஏன்ணான்னு கேட்டா "அங்க போயி நீட்டிச்சிக்கலாம், எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க"ன்னாரு ஏஜென்ட்.

ரெண்டு எடத்துல ஃப்ளைட் மாறி ஜெங்ஜோல இறங்குனேன், ஒரு வேன் வந்து டெங்ஃபெங்குக்கு கூட்டிட்டுப் போச்சு. ஹெனான் மாகாணத்துல சொங்ஷான் மலை அடிவாரத்துல இருக்குற ஊரு, கோயிலும் அந்தப் பக்கம்தான். ஆனா வேன் கோயிலுக்குப் போகல. ஊருக்குள்ள ஒரு காம்பவுண்டு, நாலு மாடி ஹாஸ்டல், சிவப்பு ட்ராக் சூட்ல ஒரு இருநூறு முந்நூறு சின்னப் பசங்க. அந்த ஊரே குங்ஃபூ ஸ்கூலாத்தான் இருக்கு, அதுல தாகௌன்னு ஒன்னுல மட்டும் 30,000 பேருக்கு மேல படிக்கிறாங்க, நான் போனது அது இல்ல, அதெல்லாம் பெரிய எடம். எல்லா ஸ்கூல் போர்டுலயும் ஷாவோலின்னு இருக்கும், நம்மூர்ல ஊருக்கு ஊரு திண்டுக்கல் பிரியாணி கடை இருக்குற மாதிரி. ஏஜென்ட்டுக்கு போன் போடலாம்னா அங்க வாட்ஸப் ஓடாது, அந்தத் தடைய தாண்டுற விபிஎன் ஆப்பைப் போட்டுட்டு வரணும்னு ஒருத்தரும் சொல்லல, ப்ளே ஸ்டோரும் வராததால அங்க உக்காந்து இறக்கவும் முடியல.

ட்ரெய்னிங் மட்டும் நெஜம், அதச் சொல்லணும். அஞ்சரைக்கு விசில், ஓட்டம், அப்பறம் மா பு. தொடை தரைக்கு சமமா இருக்கணும், குதிரை நிலைதான், சிலம்பத்துல நின்ன காலுதான்னு நெனச்சேன், ரெண்டாவது நிமிஷத்துல கால் வெடவெடன்னு ஆட ஆரம்பிச்சிருச்சு. இங்கிலீஷ் பேசுற மாஸ்டர்னு சொன்னாங்கள்ல, எனக்கு சொல்லிக்குடுத்தது பதினாறு வயசுப் பையன், கையில பிரம்பு, தெரிஞ்ச இங்கிலீஷு "லோ, லோ" மட்டும்தான். அவனைக் குத்தம் சொல்ல மாட்டேன், முட்டி வீங்குனப்ப கொதிக்கக் கொதிக்க தண்ணி ஃப்ளாஸ்க்ல கொண்டாந்து துணி நனைச்சு ஒத்தடம் குடுத்தது அவன்தான். பெரிய ஷிஃபு, அதாவது ஸ்கூலோட தலைமை மாஸ்டர், வாரம் ஒருதடவ கார்ல வந்து போட்டோ எடுத்துட்டுப் போவாரு. அவர் பேரு ஷி யான்னு ஆரம்பிக்கும், ஷாவோலின் துறவிங்க பேர்ல யான்னு வந்தா 34வது தலைமுறைன்னு கணக்கு, அதச் சொல்லித்தான் இங்க பில்டப்பு. பேரை யார் வேணா வச்சிக்கலாம், நாம எங்க போயி செக் பண்றது.

லீவு நாள்ல கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. பஸ்ல போயி வாசல்ல இறங்கி 80 யுவான் டிக்கெட் எடுத்து க்யூல நின்னு உள்ள போனேன். உள்ளயே தங்குறதுக்கு காசு கட்டுனவன் நான். பகோடாக் காடுன்னு சொல்ற துறவிங்க சமாதிக் கோபுரங்க, மலை மேல போதிதர்மர் குகைன்னு எல்லாம் சுத்திப் பாத்தேன், குகைல ஊதுபத்தி வச்சிருந்த பாட்டிம்மாகிட்ட "யிந்து"ன்னு, அதான் சீன மொழில இந்தியான்னு, சொன்னதும் சிரிச்சிட்டு சிலையையும் என்னையும் மாத்தி மாத்திக் காட்டுனாங்க. அழுகையே வந்துருச்சு.

உண்மையான அடி விசாலதான். 27வது நாள் விசா நீட்டிக்க போலீஸோட குடிவரவு ஆபீஸுக்குப் போனேன், கூட இருந்த ஒரு கஜகஸ்தான் பையன் மொழிபெயர்த்தான். கவுண்டர்ல இருந்தவங்க மொதல்ல கேட்டதே தங்குற எடம் பதிவு பண்ண சீட்டு எங்கன்னுதான். அங்க ஓட்டல்ல தங்கலேன்னா 24 மணி நேரத்துக்குள்ள போலீஸ்ல பதியணும், இல்லேன்னா 2000 யுவான் வரைக்கும் ஃபைன் போடலாம். ஸ்கூல்ல என்னைப் பதியவே இல்ல. ஷிஃபுவுக்கு போன் போட்டா "எனக்குத் தெரியாத பையன், ரூம் கேட்டான் குடுத்தோம்"ங்குறாரு. 500 யுவான் கட்டுனேன், நீட்டிப்பு கிடையாதுன்னுட்டாங்க. விசா முடிஞ்சும் அங்கயே இருந்தா நாளுக்கு 500 யுவான், உள்ள வைக்கவும் சட்டம் இருக்கு. ரெண்டே நாள்ல புது டிக்கெட் போட்டு ஓடி வந்தேன். ரெண்டாவது மாசக் காசு இன்னிக்கு வரைக்கும் வரல, மாஸ்டர் "நீ அவசரப்பட்டு வந்துட்ட"ன்னாரு.

அதனால தம்பிங்களா, போகாதீங்கன்னு சொல்லல. அனுமதி உள்ள ஸ்கூலா இருந்தா அவங்க பேர்ல அட்மிஷன் லெட்டர் வரும், அத வச்சு 180 நாள் வரைக்கும் எக்ஸ்2ங்குற படிப்பு விசா எடுக்கலாம். லெட்டர் கேளுங்க. டூரிஸ்ட் விசால போயிக்கோன்னு சொன்னா அங்கயே எந்திரிச்சு வந்துருங்க. கோயிலுக்கு உள்ளன்னு சொன்னா நம்பாதீங்க, மடாதிபதியே நம்ம ஆளுன்னு சொல்லுவாங்க, அந்த மடாதிபதியையே 2025 ஜூலைல கையாடல் புகார்ல விசாரணை வச்சு பதவில இருந்து எடுத்துட்டாங்க.

அந்தத் தம்பி அனுப்புன நோட்டீஸ்ல, கோயில் வாசல்ல நான் மா புல நிக்கிற போட்டோவுக்கு மேல "ஷாவோலின் கோயிலில் பயிற்சி பெற்ற எங்கள் மாணவர்"னு போட்டிருக்கு. பெருசு பண்ணிப் பாருங்க, இடது கையில மடிச்சு வச்சிருக்கேன் பாருங்க ஒரு காகிதம், அதுதான் அந்த 80 யுவான் டிக்கெட்.